இரண்டு குமிழ்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கரையில் ஒரு மருந்துக்கடைக்கும் புடைவைக்கடைக்கும் நடுவே ஒடுக்கமான படிக்கட்டு ஒன்று மேலே போகிறது. அது முடிகிற இடத்தில் டொக்டர் கனகசபாபதியின் பல் கிளினிக். உள்ளே ஆறு கதிரைகள்தான். அவை நிறைந்தால் பிறகு வருகிறவர்கள் படிகளில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நாகேந்திரம் எட்டு மணிக்கே வந்தும் மேலிருந்து நாலாவது படிதான் கிடைத்தது. மடியில் ஒரு நீலக் கோப்பு. அதற்குள் எக்ஸ்ரே, டொக்டரின் கடிதம், பொலிஸ் பதிவின் போட்டோப் பிரதி. கையில் நாலாக மடித்த லேஞ்சி. கீழ்த்தாடையில் பல் ஒன்றும் இல்லாததால் எச்சில் நிற்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் வாய்க் கடையைத் துடைக்க வேண்டும்.

கீழே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடின. ஒரு கொண்டக்டர் "கோட்டை, கோட்டை, கோட்டை" என்று கத்தியபடி போனான். நாகேந்திரம் தலையைத் திருப்பிக் கேட்டார். மூன்றாவது தரம் சொல்லும்போது அவனுக்கு மூச்சு முட்டியது தெரிந்தது.

"நாகேந்திரம் அங்கிள், உள்ளுக்கு வாங்க."

வாசலில் ஜவாஹிறா நின்றாள். டொக்டரின் உதவியாளர். பேர் பதிவதும் அவள்தான், கருவிகளை அவிப்பதும் அவள்தான், வலியில் கதிரையின் கையை இறுக்குகிறவர்களின் தோளில் கை வைப்பதும் அவள்தான்.

டொக்டர் மெழுகில் நிறுத்திய பல் வரிசையை எடுத்து அவருடைய கீழ்த்தாடையில் வைத்து இரண்டு விரலால் அமத்திப் பிடித்தார்.

"ஏதாவது சொல்லுங்கோ பாப்பம்."

"செட்டிகுளம்" என்றார் நாகேந்திரம்.

சொன்ன பிறகு நாக்கால் அந்தப் பற்களைத் தொட்டுப் பார்த்தார். 'ச' அதன் இடத்தில் வந்து நின்றது. இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம்.

"இன்னும் சொல்லுங்கோ."

"பாவற்குளம். பூவரசங்குளம். முருங்கன். மன்னார்." பிறகு, டொக்டரின் விரல்கள் வாய்க்குள் இருக்கத்தக்கதாகவே, குரலை ஒரு படி இறக்கி, "செட்டிகுளம் ஊடாக மன்னார் செல்லும் பஸ் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும். பயணிகள் தயவுசெய்து ஆசனங்களில் அமரவும்" என்றார்.

ஜவாஹிறா சிரித்துவிட்டாள். "ரேடியோவில சொல்ற மாதிரியே ஈக்கி."

வவுனியா பஸ் நிலையத்தில் தகரக் கூரை போட்ட சின்னப் பெட்டியறை ஒன்றுக்குள் பத்தொன்பது வருடம் அவர் சொன்ன வசனம் அது. தனியார் பஸ் சங்கத்தின் அறிவிப்பாளர். கிராமத்திலிருந்து வருகிற எழுத்து வாசிக்கத் தெரியாத சனம் பலகையைப் பார்க்காது, நாகேந்திரத்தின் குரலைத்தான் கேட்கும். இரண்டு வருடத்துக்கு முன் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, முன்னால் போன ஆமி ட்ரக்குக்கு வைத்த கிளைமோர்க் கண்ணி வெடித்தது. அவர் மதகுக் கட்டில் முகம்குப்புற விழுந்தார். தாடை இரண்டாக உடைந்தது. கம்பி போட்டுக் கட்டி, கட்டை அவிழ்த்து, மிச்சமிருந்த ஆடுகிற பற்களையும் ஆஸ்பத்திரியில் கழற்றி, மேலுக்கும் கீழுக்கும் செட் கட்டிக் கொடுத்தார்கள். மேற்செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. கீழ்த்தாடையில் எலும்பு கரைந்துபோனபடியால் கீழ்ச்செட்டுக்குப் பிடி இல்லை. கதைத்தால் எழும்பும், இருமினால் வெளியே வரும்.

போன வருடம், அந்தச் செட்டோடு அவர் சொன்ன அறிவிப்பு விளங்காமல், மூன்று வயதுப் பிள்ளையோடு வந்த ஒரு பெண் பூவரசங்குளம் பஸ் என்று நினைத்துப் பாவற்குளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். திரும்பி வரப் பஸ் இல்லாமல் வழியில் சோதனைச் சாவடியில் அந்தப் பிள்ளையோடு விடியும்வரை இருந்தாள். அவளுடைய தமையன் சங்கத்துக்கு வந்து சத்தம் போட்டான். சங்கச் செயலாளர் யோகநாதன் நாகேந்திரத்தைக் கூப்பிட்டு, "அண்ணை, வாற ஆனி மாதம் முடியுமட்டும் பாக்கிறம். அதுக்குள்ள பல்லைச் சரிப்பண்ணிக்கொண்டு வாங்கோ" என்றார்.

டொக்டர் கனகசபாபதி வவுனியாவுக்கு இலவசப் பல் முகாமுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நாகேந்திரத்தின் தாடையைத் தடவிப் பார்த்தவர் பக்கத்தில் நின்ற டொக்டரிடம் இங்கிலிஷில் ஏதோ சொல்லிச் சந்தோஷப்பட்டார். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று நாலு டொக்டர்மாருக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைச் செய்து காட்டவேண்டும். சாமான் எல்லாம் கம்பனி தரும், நோயாளி ஒன்றும் கட்டத் தேவையில்லை. தாடை எலும்புக்குள் இரண்டு திருகாணி இறக்குவது. மூன்று மாதத்தில் எலும்பு அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அவற்றின் தலையில் இரண்டு சின்ன உலோகக் குமிழ்களைப் பூட்டினால், பல் செட் சட்டைப் பொத்தான் மாதிரி அதில் 'டிக்' என்று கொளுவும். இரவில் கழற்றிக் கழுவலாம், காலையில் போடலாம், ஆடாது.

மாசியில் அவர் கொழும்புக்கு வந்தபோது திருகாணி இறக்கினார்கள். இப்போது ஆனியில் இரண்டாம் தரம் வந்து, முரசுச் சதையைக் கீறி, திருகாணியின் வாயைத் தற்காலிக மூடியால் மூடி, அச்செடுத்து, ஒன்பது நாளாக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் காத்திருக்கிறார். சொந்தக்காரர் கொழும்பில் இல்லாமல் இல்லை. மனைவியின் தமையன் பிளட் வீடு ஒன்றில் இருக்கிறார். "வந்து நில்லுங்கோ, ஆனா பொலிசில பதியவேணும், அதுதான் யோசிக்கிறன்" என்று டெலிபோனில் சொன்னார். நாகேந்திரம் அவரை மேலும் யோசிக்க விடவில்லை.

"வியாழக்கிழமை காலமை பத்து மணி" என்றார் டொக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டு. "மலேசியாவில இருந்து புரொபசர் வாறார். அவருக்கு முன்னால பூட்டிக் காட்டவேணும். அண்டைக்கே அவர் மற்ற மூண்டு கிளினிக்கும் போகவேணும். பிந்தக் கூடாது."

"ஒன்பதுக்கே வந்திடுவன், டொக்டர்."

டொக்டரின் விரலும் மெழுகுப் பல் வரிசையும் இப்போது வாய்க்குள் இல்லை. 'ஒன்பது' வெறும் காற்றாக வந்தது. ஆனாலும் டொக்டருக்கு விளங்கியது.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே அவர் எழும்பிவிட்டார். சவரம் செய்து, மனைவி சரோஜினிதேவி மடித்துத் தந்துவிட்ட வெள்ளைச் சேட்டைப் போட்டார். லொட்ஜ் மனேஜர் நிலாம் கொண்டுவந்து வைத்த பிளேன்ரீயில் ரஸ்க்கை ஊறவைத்துக் கரண்டியால் அள்ளி விழுங்கிக்கொண்டிருக்கும்போது கீழே சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆறு மணி ஆகியிருந்தது.

பொலிஸ்காரர் எட்டுப் பேர், இரண்டு பெண் பொலிஸார். ஒரு பட்டியலோடு அறை அறையாகத் தட்டினார்கள். நடைக்கூடத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். விசாவுக்குக் காத்திருந்தவர்கள், மகனைக் கட்டாருக்கு அனுப்ப வந்த தாய், சிறுநீரக வைத்தியத்துக்கு வந்த ஒருவர், கலியாணம் முடித்து நாலு நாளான ஒரு சோடி. பொறுப்பதிகாரி சிங்களத்தில் சொன்னதை நிலாம் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னான்.

"காரணம் இல்லாம கொழும்புல நிக்கிறவங்க எல்லாரும் ஊருக்குப் போகணுமாம். பஸ் ரெடியா ஈக்கி. அரை மணித்தியாலம் தாராங்க."

நாகேந்திரம் நீலக் கோப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். "எனக்குக் காரணம் இருக்கு" என்றார்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நிலாமுக்கும் அவர் சொன்னது முதல்தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லி, எச்சிலைத் துடைத்து, கடிதத்தைக் கொடுத்தார். அதிகாரி அதைப் படித்தார். இங்கிலிஷில் எழுதியிருந்தது. ஓரிடத்தில் விரலை வைத்துச் சிரித்தார்.

"தத்?"

"தத் தமாய், சேர்" என்றான் நிலாம். பல்தான், சேர்.

வவுனியாவில் பல் டொக்டர் இல்லையா என்று அதிகாரி கேட்டார். நிலாம் அதைத் தமிழில் சொன்னான். நாகேந்திரம் வாயைத் திறந்து காட்டினார். அதிகாரி டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். முரசில் இரண்டு உலோகத் தலைகள் மினுங்கின. சிரிப்பு நின்றது. இன்னொரு பொலிஸ்காரனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார். அவன் பேனையின் முனையால் அதில் ஒன்றைத் தட்டிப் பார்த்தான். நாகேந்திரத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்து, தாடைக்குள் இறங்கியிருந்த இரண்டு திருகாணியையும் மூன்று பேர் மாறிமாறிப் பார்த்தார்கள்.

நிலாம் தன்னுடைய போனில் டொக்டரின் நம்பரை அடித்தான். மணி ஆறரை. போன் நிறுத்தியிருந்தது. கிளினிக்குக்கு அடித்தான். அங்கே யாரும் எடுக்கவில்லை.

"பத்து மணிக்கு நேரம் குடுத்தீக்கி, சேர். அதுக்கப்புறம் இவரே போயிடுவார்" என்று நிலாம் சிங்களத்தில் கெஞ்சினான். அதிகாரி எக்ஸ்ரேயைக் கோப்புக்குள் வைத்து நீட்டினார். அதிலே கோபம் ஒன்றும் இல்லை. தன்னுடைய பட்டியலில் பல் என்று ஒரு நிரல் இல்லை என்று அவர் சொன்னதாக நிலாம் பிறகு சொன்னான்.

பஸ்ஸில் ஏற்றினார்கள். அடுத்தடுத்த லொட்ஜ்களில் இருந்தும் ஆட்கள் வந்து நிறையுமட்டும் அது ஒழுங்கைக்குள்ளேயே நின்றது. எல்லோரும் பொலித்தீன் பைகளை மடியில் வைத்திருந்தார்கள். ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டு காலி வீதிக்கு ஏறி, நெரிசலில் ஊர்ந்து, மருந்துக்கடைக்கு எதிரே சமிக்ஞை விளக்கில் நின்றது. நாகேந்திரம் யன்னல் பக்கம் இருந்தார். படிக்கட்டு தெரிந்தது. கீழ்ப்படியில் ஜவாஹிறா நின்றாள். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். கையில் பொலித்தீன் சுற்றிய பூச்செண்டு. புரொபசருக்காக இருக்கும். அவள் இரண்டு பக்கமும் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியில் தட்டினார். பிறகு எழும்பி நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினார். முதல் எழுத்து வாயிலிருந்து கழன்று விழுந்தது. மிச்சம் யாருடைய பெயராகவும் இல்லை. முன்னால் நின்ற பொலிஸ்காரன் பொல்லால் இருக்கையின் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினான். விளக்குப் பச்சையானது.

வவுனியாவில் ஒரு பாடசாலையில் இறக்கினார்கள். பேர் எழுதி, பாணும் பருப்பும் கொடுத்தார்கள். வேறு ஊர்க்காரர் அங்கே வாங்கில்களில் படுக்க, வீடு இருந்தவர்களைப் போகலாம் என்றார்கள். நாகேந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து போனார்.

படலையடியில் சரோஜினிதேவி ஓடிவந்தாள். "என்னப்பா, சொல்லாமல் கொள்ளாமல்! பல்லுப் போட்டாச்சோ?"

அவர் வாயைத் திறந்து காட்டினார்.

அடுத்தநாள் வானொலியில், ஆட்களை அப்படி வெளியேற்றக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பாடசாலையில் தங்கியிருந்தவர்களைத் திருப்பிக் கூட்டிப்போகப் பஸ் வந்ததாம். செய்தி கேட்டு நாகேந்திரம் அங்கே போனபோது வகுப்பறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "வீட்டை போனவை வீட்டை போனதுதானே ஐயா. இனிப் பாஸ் எடுத்துத்தான் போகவேணும்" என்றான் காவலாளி.

பாசுக்குக் கிராமசேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தின் முத்திரை, ஆமி முகாமின் கையெழுத்து. முகாமடியில் வெயிலுக்குள் மூன்று நாள் வரிசையில் நின்றார். கிளினிக்குக்கு இரண்டு தரம் தொடர்பு கொண்டார். முதல்தரம் அவர் கதைத்ததை அங்கே யாரோ பிழையான நம்பர் என்று வைத்துவிட்டார்கள். இரண்டாம் தரம் சரோஜினிதேவியைக் கதைக்கவைத்தார். "டொக்டர் பிஸியா ஈக்கிறாரு, ஆன்ட்டி. அங்கிளை வரச் சொல்லுங்க, நேர்ல கதைக்கலாம்" என்றாள் ஜவாஹிறா. அவளுடைய குரல் ஏதோ மாதிரி இருந்ததாகச் சரோஜினிதேவி சொன்னாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, யோகநாதனைக் கண்டு விஷயத்தைச் சொல்ல பஸ் நிலையத்துக்குப் போனார். தகரப் பெட்டியறையின் கதவு பூட்டியிருந்தது. ஆனால் ஒலிபெருக்கி பேசியது. செட்டிகுளம் ஊடாக மன்னார் செல்லும் பஸ் என்று ஒரு இளம் பெண்ணின் குரல், ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்ததுபோல.

"சீடியில ஏத்தியிருக்கிறம் அண்ணை" என்றார் யோகநாதன். நாகேந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த பஸ் நேரசூசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொத்தானை அமத்தினால் சரி, ஆளே தேவையில்லை. உங்களைப் போகச் சொல்லேல்லை. பல்லோட வந்தால் டிக்கட் மேசையில ஏதாவது பாப்பம். அதுக்கும் சனத்தோட கதைக்கவேணுமே."

ஆடி மாதம் நாலாம் திகதி பாஸ் கிடைத்தது. ஒரு நாளைக்குத்தான். முதல் பஸ்ஸில் போய், பின்னேரம் மூன்று மணிக்குக் கிளினிக் படிகளில் ஏறினார். ஜவாஹிறா அவரைக் கண்டதும் எழும்பினாள். பேர் பதியவில்லை, காத்திருக்கச் சொல்லவுமில்லை, நேரே உள்ளே கூட்டிப் போனாள்.

"வாங்கோ, வாங்கோ நாகேந்திரம்" என்றார் டொக்டர். முரசை அமத்திப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு. எலும்பு நல்லாப் பிடிச்சிருக்கு." அலுமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தார். ரோஸ் நிற முரசில் பதினாலு பற்கள், ஈரமாக, மினுங்கிக்கொண்டு. அடியில் குமிழ் கொளுவ இரண்டு குழி. பெட்டியின் மூடியில் நாகேந்திரத்தின் பெயர் ஒட்டியிருந்தது. ஆனால் டொக்டர் கதிரையைச் சாய்க்கவில்லை, வெளிச்சத்தைப் போடவில்லை.

"ஒரு சின்னப் பிரச்சினை. உங்கட குமிழ் இரண்டும் இப்ப இல்லை."

நாகேந்திரம் அவரைப் பார்த்தார்.

"அண்டைக்குப் பத்து மணிக்குப் புரொபசர் வந்திட்டார். உங்களைக் காணேல்லை. அவருக்கு முடிஞ்ச கேஸ் ஒண்டு காட்டாட்டி எனக்குச் சான்றிதழ் தரமாட்டினம். கொள்ளுப்பிட்டியில இருந்து ஒராள், பிஸ்னஸ்காரர், சிங்கப்பூரில திருகாணி இறக்கிப்போட்டு வந்தவர், செட்டும் கட்டியாச்சு. அவருக்கும் அதே கம்பனிச் சாமான்தான். குமிழ் மட்டும் வரப் பிந்தினது. போன் பண்ணினன், உடன வந்தார். உங்கட இரண்டையும் அவருக்குப் பூட்டிக் காட்டினன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "நீங்கள் வரேல்லையே, நாகேந்திரம்."

"வர விடேல்லை."

அது மட்டும் தெளிவாக வந்தது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். பேப்பரிலயும் பாத்தனான். சரியான அநியாயம்."

"அவருக்கு வந்திருக்குமே பிறகு. அவற்ற குமிழ்."

இதைச் சொல்ல அவருக்கு மூன்று தரம் எடுத்தது. ஜவாஹிறாதான் விளங்கி டொக்டருக்குச் சொன்னாள்.

"வந்தது. அது அவர் காசு குடுத்து எடுப்பிச்சது. கைவசம் ஒரு சோடி இருக்கட்டும் எண்டு எடுத்துக்கொண்டு போட்டார்." டொக்டர் ஜவாஹிறாவைப் பார்க்கவில்லை. "கம்பனிக்கு எழுதியிருக்கிறன். அடுத்த பயிற்சி வைக்கேக்க அனுப்புவினம். வெளியில ஓர்டர் பண்ணலாம், ஆனா அது உங்களுக்கு ஏலாது. அதுவரைக்கும் இதைக் கொண்டுபோய் வைச்சிருங்கோ. தண்ணிக்குள்ள போட்டு வையுங்கோ, காய விட்டால் கோணிப்போகும்."

"இப்ப போட்டால்?"

டொக்டர் கையை விரித்தார். நாகேந்திரம் தானே செட்டை எடுத்து வாய்க்குள் வைத்தார். விரலை எடுத்ததும் அது மூடிகளின் மேல் ஏறி, ஒரு பக்கம் சரிந்து நாக்கில் ஏறியது. பழையதைவிட மோசமாக இருந்தது. கழற்றி, கழுவி, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பெட்டியோடு வெளியே வந்தார். இருக்க இடம் இருந்தது, ஆறு கதிரையில் ஒன்று. உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் முன்பு கலண்டர் தொங்கிய இடத்தில் புதிதாக ஒரு படம் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. இடது பக்கத்தில் அவருடைய முகம். முதன்முதல் வந்த அன்று டொக்டர் எடுத்த படம். கன்னம் உள்ளே விழுந்து, வாய் திறந்து, வெறும் முரசு. அதற்குக் கீழே அவருடைய எக்ஸ்ரே. வலது பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் வாய் மட்டும், மூக்குக்குக் கீழே வெட்டியது. இரண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே இங்கிலிஷில் இரண்டு சொற்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று. படம் எடுத்த அன்று ஏதோ ஒரு கடதாசியில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் இங்கிலிஷில்தான் இருந்தது.

பக்கத்துக் கதிரையில் முக்காடு போட்ட ஒரு நடுவயதுப் பெண் தன் தாயோடு இருந்தாள். தாய்க்குப் பல்லில்லை. மகள் படத்தைப் பார்த்தாள், நாகேந்திரத்தைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இது நீங்கதானே, அங்கிள்?"

நாகேந்திரம் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா உம்மா, நா சொன்னேனே. இவருக்குத்தான் செஞ்சீக்கிறாங்க. எப்பிடி ஈந்தவரு, எப்பிடி வந்தீக்கி பாருங்க. உம்மாக்குச் சரியான பயம் அங்கிள், வரமாட்டன்னு அழுதுட்டு ஈந்தாங்க."

தாய் முன்னே சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, அவருடைய முகத்தை ஆவலோடு பார்த்தாள். மேசையில் இருந்த ஜவாஹிறா எழுதுவதை நிறுத்தினாள், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் சிரிச்சிக் காட்டுங்களே அங்கிள், உம்மா பாக்கட்டும்."

நாகேந்திரம் உதடுகளை இறுக்கிக்கொண்டார். வாய்க் கடையில் எச்சில் இறங்கத் தொடங்கியது. லேஞ்சியை எடுக்க, மடியில் இருந்த பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.